பட்டறைத் தொண்டை

அந்த வீட்டில் யாராவது உப்புக் கேட்டாலும், புதிதாக வந்தவர் வெட்டுக்குத்து நடக்கப் போகிறது என்று எழுந்து ஓடிவிடுவார். தகரப் பட்டறை நடத்துகிற வீடு. முன்கட்டில் பட்டறை, பின்கட்டில் குடித்தனம். காலை எட்டு மணிக்குத் தகடு அடிக்க ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை டங்கு டங்கென்று அடிதான். வாளி, புனல், புகைக்குழாய், கூரையோரத்து மழைநீர்க் குழாய் என்று எதுவானாலும் தகரத்தை அடித்து மடக்காமல் உருவாகாது. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவர்களுக்கெல்லாம் தொண்டை அகலமாகிவிட்டது. காதும் பாதி போய்விட்டது என்று தெருக்காரர்கள் சொல்வார்கள். வீட்டார் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. சொன்னது சரியாகக் காதில் விழுந்திருக்காது.

பட்டறையில் மூன்று பேர். தகரக்காரன், அவன் பெண்சாதி, அவனுடைய அண்ணன். அண்ணன் கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். பட்டறைக்கு மூத்தவர் என்பதால் பெரியவர் என்றே பேர் நிலைத்துவிட்டது. பெண்சாதியும் சும்மா சோறு பொங்கிப் போட வந்தவள் அல்ல. வாளிக்கும் புனலுக்கும் ஈயம் பற்றவைப்பது அவள் வேலை. அவள் வைத்த பற்று ஒழுகுகிறது என்று இதுவரை ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. தெரு அவளைப் பட்டறைக்காரி என்றது. தொண்டையிலும் அவள்தான் மற்ற இரண்டு பேருக்கும் மேலே.

இவர்களுக்கு நடுவில் பிறந்தது மட்டும் பூனைக்குட்டி மாதிரி இருக்குமா. ஏழு வயதுப் பெண். பல் முளைத்த நாளிலிருந்து கைக்கு எட்டியதையெல்லாம் கடித்து வைத்ததால் கட்டெறும்பு என்று கூப்பிட்டார்கள். அவளைக் காலையில் எழுப்புவதே திட்டித்தான். பல் தேய்க்கத் திட்டு, தலை வாரத் திட்டு, தகடு வெட்டும் இடத்தில் வெறுங்காலோடு வந்து நின்றால் மூன்று பேரும் சேர்ந்து திட்டு. அவளும் வாங்கிக்கொண்டு போகிறவள் இல்லை, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். இதில் யாருக்கும் மனசு நொந்ததாகச் சரித்திரமே கிடையாது.

நோய் வந்தபோதுகூட முதலில் திட்டுத்தான் விழுந்தது. பெண்ணின் காலிலும் முதுகிலும் நீலம் நீலமாகக் கன்றியிருப்பதைப் பட்டறைக்காரி குளிப்பாட்டும்போது பார்த்தாள். தகடு அடுக்கியிருக்கிற வீட்டில் பிள்ளை உடம்பில் காயம் இல்லாவிட்டால்தான் அதிசயம். எங்கே ஏறிக் குதித்தாய், எதில் போய் முட்டிக்கொண்டாய் என்று பிடிபிடியென்று பிடித்தாள். எங்கேயும் முட்டிக்கொள்ளவில்லை என்று பெண் சாதித்தாள். பொய் வேறு சொல்கிறாயா என்று முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. பிறகு காய்ச்சல் வந்து, இறங்காமல் நின்று, ரத்தம் எடுத்துப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, அங்கே இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, ரத்தத்தில் புற்று என்று சொன்னார்கள். அந்த நீலக் கன்றலெல்லாம் நோய் வைத்தது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பட்டறைக்காரிக்கு முதுகில் வைத்த அந்த ஒன்று ஞாபகம் வந்தது. வந்த ஞாபகம் அதற்கப்புறம் போகவில்லை.

வார்டில் முதல் நாளே அவர்கள் பேர் கெட்டது. தகரக்காரன் வாசலில் நின்றபடி தண்ணீர் பாட்டில் எங்கே இருக்கிறது என்று பெண்சாதியைக் கேட்டான். அவ்வளவுதான். எட்டுக் கட்டில் பிள்ளைகளில் மூன்று விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தன. வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் வந்து, இது ஆஸ்பத்திரியா சந்தைக்கடையா என்று கேட்டுவிட்டு, சுவரில் இருந்த அமைதி காக்கவும் என்ற பலகையை விரலால் தட்டிக் காட்டினார். தகரக்காரன் அந்தப் பலகையைப் பார்த்து, நல்ல தகடுதான், ஓரம் மடித்தது சரியில்லை என்றான். அதையும் சத்தமாகச் சொன்னான்.

அன்றைக்கே, பெண் தூங்குகிற நேரம் பார்த்து, பெரியவர் பட்டறையில் பஞ்சாயத்துக் கூட்டினார். தம்பி, தம்பி பெண்சாதி, துணிக்கடையில் வேலை பார்க்கிற அவள் தங்கை, எல்லாரையும் உட்கார வைத்தார். பிள்ளை மனசு நோகக் கூடாது, மனசு நொந்தால் மருந்து பிடிக்காது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். யார் என்று கேட்டதற்கு விவரம் தெரிந்தவர் என்றார். இனிமேல் இந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் பிள்ளையிடம் குரலை உயர்த்தக் கூடாது, திட்டக் கூடாது, எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. இந்தச் சட்டத்தை அவர் அறிவித்தது மூன்று தெருவுக்குக் கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் பட்டறைக்காரி, நீங்களா மாமா சொல்றது என்று அவரை ஒரு வாங்கு வாங்கியிருப்பாள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அடித்த கைக்கு வேறென்ன வாய் இருக்கிறது.

தகரக்காரன் மெதுவாகப் பேசிப் பழகினான். அது பார்க்கச் சகிக்காத காட்சி. அவன் தாழ்த்திய குரல் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி இருந்தது. எதிரில் இருக்கிற பெரியவருக்கு ஒன்றும் விளங்காது, என்னது என்று கத்துவார். உடனே சட்டம் ஞாபகம் வந்து, என்னது என்று அவரும் காற்றை விடுவார். இப்படியே இரண்டு பேரும் ஒரு ஆணிப் பெட்டியைத் தேடக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

வார்டு வாழ்க்கை பட்டறைக்காரியை உரித்து எடுத்தது. பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை, தூசி ஆகாது. பட்டறையிலிருந்து யார் வந்தாலும் குளித்து, மாற்றுத்துணி உடுத்தி, கையைச் சோப்புப் போட்டு மணிக்கட்டு வரை தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் தகரக்காரன் பாதிக் கையைத்தான் கழுவிக்கொண்டு வருவான், அவள் திருப்பி அனுப்புவாள். கரண்டியை வெந்நீரில் போட வேண்டும், தட்டை வெந்நீரில் போட வேண்டும். சாப்பாடு சுடச்சுட இருக்க வேண்டும், பெண் தொடும்போது ஆறியிருக்க வேண்டும், ஆறினால் மறுபடி கொடுக்கக் கூடாது. ரத்த அறிக்கை ஒரு மாடியில், மருந்து வேறொரு மாடியில், இரண்டுக்கும் முத்திரை வைக்கிறவர் மூன்றாவதாக ஒரு மாடியில். அந்த முத்திரைக்காரர் எப்போது போனாலும் டீ குடிக்கப் போயிருப்பார். உலகத்தில் அவ்வளவு டீ இருக்கிறதா என்று அவளுக்கு வியப்பாக இருக்கும்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது அந்தக் குரல்தான். பெரியவர் வந்தால் என் செல்லமே, என் சிங்கமே என்பார். தங்கை வந்தால் மூக்கால் கொஞ்சுவாள். தகரக்காரன் வந்தால் காற்று இறங்கும். அவளும் என் கண்ணே, என் பட்டே என்று யாரோ ஒருத்தியின் வாயை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு பேசினாள். முதல் வாரம் கட்டெறும்பு இந்தப் புதுச் சட்டத்தை நன்றாகச் சோதித்துப் பார்த்தாள். டம்ளரை விட்டெறிந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பாவை மொட்டைத் தலையா என்று கூப்பிட்டாள். தன் தலையிலும் முடி கொட்டிக்கொண்டிருக்கிறதே என்ற யோசனைகூட இல்லாமல் கூப்பிட்டாள். அவர் சிரித்தார். ரத்தம் எடுக்க வந்த சின்ன சிஸ்டர் கையைக் கடித்தாள். பரவாயில்லம்மா என்று அப்பா மகள் தலையைத்தான் தடவினான், கடிபட்ட பெண் நின்று பார்த்தாள். இரண்டாம் வாரம் கட்டெறும்பு அமைதியாகிவிட்டாள். பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று பெரியவர் சட்டத்தின் பெருமையைப் பேசிக்கொண்டார்.

பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பேச்சைச் சொல்லவில்லை, வாயைத்தான். மாத்திரை வேண்டாம், கஞ்சி வேண்டாம், முட்டை வேண்டாம், உதட்டை இறுக்கி மடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். வாயில் புண் இருக்குமோ என்று டாக்டரம்மா பார்த்தார். புண் இல்லை. செவ்வாய் போய், புதனும் போயிற்று. பொம்மை வாங்கித் தருகிறேன் என்றார்கள், சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றார்கள். பெரியவர் ஒரு கட்டத்தில் குதிரை என்றுகூடச் சொல்லிவிட்டார். ஒன்றுக்கும் உதடு பிரியவில்லை.

வியாழக்கிழமை காலை டாக்டரம்மா பட்டறைக்காரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த மாத்திரை நாள் தவறக் கூடாது. சாப்பாடும் இறங்க வேண்டும். எல்லாவற்றையும் ஊசியில் ஏற்றிவிட முடியாது. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வாயால் எடுத்துக்கொள்ளாவிட்டால் நாளைக்குக் காலை பத்து மணிக்கு மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியதுதான், பயப்பட ஒன்றுமில்லை, எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்வதுதான் என்றார். பட்டறைக்காரிக்குப் பயப்பட ஒன்று இருந்தது. மூன்றாம் கட்டில் பையனுக்குக் குழாய் விட்டதை அவள் பார்த்திருந்தாள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அவன் திமிறித் திமிறிக் கடைசியில் ஓய்ந்துபோனான். பத்து நாள் அந்தக் குழாயோடு கிடந்தான். இந்தத் திங்கட்கிழமை காலையில் பார்த்தால் அந்தக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். குழாயால் அவன் போகவில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, குழாய் என்றதும் அந்தச் சுருட்டிய மெத்தைதான் கண்ணில் வந்து நின்றது.

மதியம் பார்த்தால், கரைத்துக் கரைத்துக் கொட்டியே மாத்திரை தீர்ந்திருந்தது. புதிது வாங்கச் சீட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மருந்து கொடுக்கிற ஜன்னலில் முத்திரை இல்லை என்றார்கள். முத்திரைக்காரர் டீக்குப் போயிருந்தார். அவர் வந்து, இது பழைய சீட்டு, புதுச் சீட்டு எழுதி வாங்கி வா என்றார். புதுச் சீட்டில் எடை எழுதவில்லை. எடை எழுதிக்கொண்டு வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு எண்ணிக்கை பார்க்கிறோம் என்றார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் அவள் ஒரு கூப்பாடு போட்டிருப்பாள், அந்த ஜன்னல் தானாகத் திறந்திருக்கும். இப்போது வாய் அவளிடம் இல்லை. ஐயா, கொஞ்சம் பாருங்கய்யா, பிள்ளைக்கு அவசரம்யா என்று அந்த இரவல் குரலிலேயே கேட்டாள். அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவே இல்லை. ஏறி இறங்கி, நின்று, மறுபடி ஏறி, மாத்திரை கைக்கு வரும்போது மூன்று மணி நேரம் போயிருந்தது. பார்வையாளர் நேரம் ஆரம்பித்துவிட்டது. முதல் வேளைக்கு உண்டானதைத் தகரக்காரனிடம் கொடுத்துப் பொடித்துக் கரைக்கச் சொல்லிவிட்டு, தட்டைக் கழுவி வெந்நீர் பிடிக்கப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றி மூன்று பேரும் கூடியிருந்தார்கள். தங்கை மூக்கால் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். பெரியவர், வெந்நீரில் போட்டு எடுத்துக் கொண்டுவந்த ஒரு தகர ரயிலைக் கட்டில் சட்டத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். தகரக்காரன் தரையில் மண்டி போட்டு, கரண்டியை நீட்டி, என் ராஜாத்தி, ஒரே ஒரு வாய், அப்பாவுக்காக என்று காற்றை விட்டுக்கொண்டிருந்தான். கட்டெறும்பு மெதுவாகத் திரும்பினாள். கையை நீட்டினாள். கரண்டியின் காம்பைப் பிடித்து, அவசரமே இல்லாமல், போர்வையின் மேல் கவிழ்த்தாள்.

"பரவாயில்லடா கண்ணு" என்றான் தகரக்காரன். "பரவாயில்ல, பரவாயில்ல."

அந்தப் பரவாயில்லைதான் பட்டறைக்காரிக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த தட்டை அலமாரியின் மேல் வைத்தாள். வைத்த சத்தத்திலேயே பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பரவாயில்ல?" என்றாள். மூன்று வாரமாக அடைத்து வைத்திருந்த தொண்டை ஒரே அடியில் திறந்துகொண்டது. "மூணு மாடி, மூணு மணி நேரம், கண்டவன் கால்ல விழாத குறையா நின்னு வாங்கிட்டு வந்திருக்கேன். போர்வையில கொட்டுறா, உங்களுக்குப் பரவாயில்லையா? மாமா, அந்த ரயில எடுத்து உள்ள வைங்க. நீ பாட்ட நிறுத்துடி, அவளுக்குக் காதுல புண்ணு வந்துடும்." பிறகு பெண்ணிடம் திரும்பினாள். "ஏண்டி, உன் மனசுல என்னதான் நினைச்சிட்டு இருக்கே? ஊர்ல இல்லாத மகாராணியா நீ? ஆளாளுக்கு உன் முன்னாடி மண்டி போடுறாங்க, நீ கரண்டியக் கவுக்கிறே. எவ்வளவு திமிரு இருந்தா இப்படிச் செய்வே? கையிலேயே ரெண்டு போட்டேன்னா தெரியும்."

வார்டு முழுக்க அப்படியே நின்றுவிட்டது. தகரக்காரன் மண்டி போட்டபடியே பெண்சாதியை அண்ணாந்து பார்த்தான். பெரியவர் ரயிலைச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார், அது நுழையவில்லை. கட்டெறும்பு முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"திட்டுறியா?" என்று கேட்டாள்.

"திட்டாம? கொட்டுனதுக்குக் கொஞ்சுவாங்களா?"

"நெசமாவே திட்டுறியா?"

"பின்ன, பொய்யாவா தொண்டை கிழியக் கத்துறேன்?"

"அப்போ நான் சாகலையா?"

தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பெரியவர் அந்த இரவல் குரலை எடுத்துக்கொண்டு, அப்படியெல்லாம் பேசக் கூடாதுடா தங்கம் என்று ஆரம்பித்தார். பட்டறைக்காரி ஒரு கையைக் காட்டினாள், அவர் நிறுத்திக்கொண்டார். யார் உன்னிடம் அப்படிச் சொன்னது என்று மகளைக் கேட்டாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே தெரியும் என்றாள் பெண். கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மூன்றாம் கட்டில் பையன் அவளுக்குச் சினேகிதன். அவன் வீட்டார் முதலில் அவனைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஊசிக்குக் கையைக் காட்டாவிட்டால் அவன் அம்மா அதட்டுவாள். பிறகு ஒரு நாளிலிருந்து திட்டுவதை நிறுத்திவிட்டார்கள். எது கேட்டாலும் சரி என்றார்கள், மெதுவாக மெதுவாகப் பேசினார்கள். அப்புறம் திரையை இழுத்துவிட்டார்கள். காலையில் அவன் இல்லை.

"வீட்டுக்குப் போயிட்டான்னு நீங்க எல்லாரும் சொன்னீங்க" என்றாள் கட்டெறும்பு. "செருப்பு கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. நான் பார்த்தேன். செருப்புப் போடாமயா வீட்டுக்குப் போவான்?"

தங்கை குனிந்து போர்வையில் கொட்டியிருந்த மருந்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நீங்களும் மெதுவாப் பேசுறீங்க. நான் கடிச்சாக்கூட ஒண்ணும் சொல்லல. அப்பா என்னைத் திட்டவே இல்ல. சாகப் போறவளுக்கு எதுக்கு மாத்திரை? அது கசக்குது."

பட்டறைக்காரி கட்டிலில் உட்கார்ந்தாள். பெண் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. பெரியவர் சட்டம் போட்டார், உண்மைதான். ஆனால் அவள் வாயை அடைத்தது சட்டம் இல்லை. புற்று என்ற சொல்லைக் கேட்ட நாளிலேயே அவள் பிள்ளையைப் பாதி கொடுத்துவிட்டாள். இருக்கிற கொஞ்ச நாளாவது நல்ல வார்த்தை கேட்டுவிட்டுப் போகட்டும் என்று உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அந்த முடிவைத்தான் கண்ணே, பட்டே என்று பெண்ணுக்கு நாள் தவறாமல் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பெற்றவள் தனக்குச் சொல்லிக்கொள்ள அஞ்சியதை ஏழு வயசு படித்து எடுத்துவிட்டது. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரத்தோடுதான் பேசினாள். குரலைக் குறைக்கவில்லை.

"அடியே கூறு கெட்டவளே. சாகப் போற பிள்ளைக்கு எவளாவது மூணு மாடி ஏறி இறங்கி மாத்திரை வாங்குவாளா? எனக்கு வேற வேலை இல்லையா? பட்டறையில நாப்பது வாளி பற்று வைக்காம கிடக்குது."

"அவன் அம்மாவும் வாங்குனாங்களே."

"வாங்குனா. பாவம், அவளும் செய்யாதது ஒண்ணும் இல்ல. அவன் செத்துத்தான் போனான். உன்கிட்டப் பொய் சொன்னது எங்க தப்பு."

தகரக்காரன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள்.

"டாக்டரம்மாகிட்ட நான் கேட்டேன். உனக்கு வந்திருக்கிறது வந்த பிள்ளைங்க பத்துப் பேர்ல எட்டுப் பேர் நல்லாகி வீட்டுக்குப் போறாங்களாம். அவங்க வாயாலயே சொன்னாங்க."

கட்டெறும்பு விரலை விரித்து எண்ணிப் பார்த்தாள். "மிச்சம் ரெண்டு பேரு?"

"அது யாருன்னு எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. மாத்திரையக் கொட்டுனா நீயாப் போய் அந்த ரெண்டுல நிப்பே, அது மட்டும் எனக்குத் தெரியும். எங்க நிக்கப் போறேன்னு இப்பவே சொல்லு. கொட்டுற மாதிரி இருந்தா நான் பட்டறைக்குப் போறேன், வேலையாவது நடக்கும்."

பெண் யோசித்தாள். அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் எங்கேயாவது அந்த மெதுவான அம்மா ஒளிந்திருக்கிறாளா என்று தேடுகிற மாதிரி. பட்டறைக்காரி முகத்தில் அப்போது கோபத்தைத் தவிர ஒன்றும் இல்லை. சாயம் பூசின கோபமும் இல்லை, அசல் சரக்கு.

"பாதி" என்றாள் கட்டெறும்பு.

பட்டறைக்காரி புதிதாக மாத்திரையை எடுத்துப் பொடித்தாள். கரண்டிக்கும் ஒரு திட்டுப் போட்டாள், இதை எவன் செய்தான், குழியே இல்லை என்று. கரைத்து நீட்டினாள். பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள், விழுங்கினாள், முகத்தை அஷ்டகோணலாக்கினாள், தண்ணீரைப் பிடுங்கிக் குடித்தாள். இன்னும் பாதி கரண்டியில் இருந்தது. பட்டறைக்காரி அடுத்ததை நீட்டியபோது தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அது அப்பா குடுக்கட்டும்."

சரி என்று கரண்டியைத் தகரக்காரனிடம் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, இந்தாடா என் கண்ணு என்றான். பெண் உதட்டை மடித்துக்கொண்டாள். பட்டறைக்காரிக்குச் சட்டென்று விளங்கிற்று. அம்மா திட்டியது போதாது. அம்மா பாதிக்குத்தான் சாட்சி. மீதிப் பாதிக்கு அப்பன் சொல்ல வேண்டும்.

"திட்டிக் குடுங்க" என்றாள் அவனிடம்.

தகரக்காரன் விழித்தான். தெருமுனையில் லாரியைத் தப்பாக நிறுத்தியவனைப் பட்டறைக்குள் உட்கார்ந்தபடியே திட்டி நகர்த்திய மனிதன். "எப்படித் திட்டுறது, புள்ளையப் பாரு எப்படி இருக்குன்னு" என்றான். கொட்டிப்போன முடியையும் கையில் ஒட்டியிருந்த ஊசிக் குழாயையும் பார்த்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பெண் அதைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மறுபடி சுவர்ப் பக்கம் போக ஆரம்பித்தது.

"பார்த்துட்டே நிக்கிறீங்க" என்றாள் பட்டறைக்காரி. அவள் குரலும் இப்போது உடைந்தது. "திரும்புறா பாருங்க. ஏதாவது சொல்லுங்க."

தகரக்காரன் கரண்டியை இறுக்கிப் பிடித்தான். தொண்டையைக் கனைத்தான். அது ஒரு தடவையில் சரிப்படவில்லை, இரண்டு தடவை கனைத்தான்.

"என் தகடு வெட்டுற கத்தரி எங்கடி?" என்றான்.

சுவர்ப் பக்கம் போன முகம் நின்றது.

"ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி காணாமப் போச்சு. நீதானே எடுத்தே? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், என் சாமானத் தொடாதேன்னு?" குரல் ஏறத் தொடங்கியது. கண்ணிலிருந்து தண்ணீரும் இறங்கத் தொடங்கியது. அவன் எதையும் துடைக்கவில்லை. "இரவல் கத்தரிய வச்சிக்கிட்டு மூணு வாரமா நான் மாரடிக்கிறேன். ஒரு ஓரம் நேரா வருதா? குழாய் எல்லாம் கோணல் மாணலா நிக்குது, ஊரே சிரிக்குது. திருட்டுக் கழுதை, எங்க கொண்டுபோய்ப் போட்டே? மழைத்தண்ணிக் குழியிலதானே? வாயத் திற. பதில் சொல்றதுக்கு இல்ல, மருந்துக்குத் திற. விழுங்கிட்டுச் சொல்லு."

கட்டெறும்பு வாயைத் திறந்தாள். கரண்டி உள்ளே போயிற்று. முழுங்கிவிட்டு, மூச்சு வாங்குவதற்குள், "நான் ஒண்ணும் எடுக்கல, பெரியப்பாதான் எடுத்தாரு" என்று அவளும் பட்டறைக் குரலில் திருப்பிக் கொடுத்தாள். மூன்று நாள் சாப்பிடாத குரல், பாதி வழியில் கீச்சிட்டது. பெரியவர், யாரைச் சொல்றே, நானா என்று சட்டத்தை மறந்து முழங்கினார். மற்றக் கட்டில்களில் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

பெரிய சிஸ்டர் வாசலில் வந்து நின்றார். எத்தனை தடவை சொல்வது, இது என்ன வார்டா, வேறென்னவா, முதலில் இந்த ஆளை வெளியே அனுப்புங்கள் என்று தகரக்காரனைக் காட்டினார். அவன் கரண்டியும் கையுமாக, முகமெல்லாம் ஈரமாக எழுந்தான்.

கட்டெறும்பு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள். "எங்கப்பா என்னைத் திட்டிக்கிட்டு இருக்காரு. இன்னும் முடிக்கல."